கத்திரி வெயிலில் செடி, நாய், குருவி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மொட்டைமாடியில் பைகளில் தக்காளி, கத்தரி வைத்திருக்கிறோம். காலை, மாலை இரண்டு வேளை ஊற்றியும் மதியத்தில் துவண்டு போகின்றன. இலை ஓரம் கருகுகிறது. மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கிறது. இன்னும் அதிகமாக ஊற்றணுமா?
— வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. முதலில் துவளுவது. காலை ஆறு மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள். இலைகள் நிமிர்ந்து நின்றால் வேர் நன்றாகத்தான் இருக்கிறது. உச்சி வெயிலில் இலை வெளியே விடும் ஈரத்துக்கு ஈடாக வேரால் உறிஞ்ச முடியவில்லை, அவ்வளவுதான். காலையிலும் துவண்டே இருந்தால் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் தாகம். சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகுகிறது. அதற்கு மேலும் ஊற்றினால் செடி போய்விடும்.

மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. சிமெண்ட் தளம் அதைவிட அதிகமாகக் கொதிக்கும். பை தளத்தில் நேரடியாக உட்கார்ந்திருந்தால் வேர் வெந்துவிடும். ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல் வைத்து, நடுவில் காற்று போக இடம் விடுங்கள். கருப்புப் பையாக இருந்தால் வெயில் படும் பக்கத்தில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றுங்கள். 50 சதவீத நிழல்வலையைச் செடியின் உச்சிக்கு மேல் இரண்டடியாவது இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பக்கங்களை மூடிவிட்டால் உள்ளே புழுக்கம் ஏறும். மண்ணின் மேல் சருகோ தேங்காய் மட்டைத் துண்டோ இரண்டங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். இன்னொன்று: வெயிலில் கிடந்த ஓஸ் பைப்பில் முதலில் வருவது வெந்நீர். அதை வாளியில் பிடித்துவிட்டுப் பிறகு செடிக்குக் காட்டுங்கள்.

வெள்ளையாகப் பூப்பது போர் தண்ணீரின் உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வேளை ஊற்றுவதால் மேல்மண்ணிலேயே அது சேர்கிறது. இலை ஓரம் கருகுவதும் அதனால்தான். ஒரே வேளை, விடியற்காலையில், பையின் அடித்துளையில் தண்ணீர் வடியும்வரை ஊற்றுங்கள். மேலே பூத்த மண்ணை அரை அங்குலம் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுமண் போடுங்கள். மாதம் ஒருமுறை, பை எவ்வளவு மண் கொள்ளுமோ அவ்வளவு தண்ணீரை மூன்று தவணையாக மெதுவாக ஊற்றி உப்பை அடியில் கழுவி விடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. வீட்டுக்குள் இருக்கும் செடிகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் முடியும்வரை யூரியா, டி.ஏ.பி. போன்ற உரம் எதுவும் போட வேண்டாம், அவையும் உப்புதான்.

35 டிகிரிக்கு மேல் தக்காளிப் பூ உதிரத்தான் செய்யும். அதற்கென்று மருந்து வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். கத்தரி தாக்குப்பிடிக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர் முள்ளுக் கத்தரி இருக்கும்போது, கோடையில் தக்காளிக்காக ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

கேள்வி: பாட்டிலில் வைத்த மணிபிளான்ட் தண்ணீர் பச்சையாகிறது.
— வாசகர், குடியாத்தம்

பதில்: வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கிறது. பாட்டிலைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, ஜன்னலைவிட்டுத் தள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, வழவழத்த வேரை வெட்டிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் கொசுப்புழு வரும். வீட்டில் நாய், பூனை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். அந்த இலையைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும்.

கேள்வி: செம்பருத்தி முழுக்க வெள்ளை மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடித்தேன், இலைதான் கருகியது.
— வாசகி, ஆரணி

பதில்: எண்ணெயைத் தண்ணீரில் நேராக ஊற்றியிருப்பீர்கள். அது கலக்காது, திட்டுத்திட்டாக இலையில் ஒட்டும். அந்த இடத்தில் வெயில் பட்டால் கருகும். 5 மில்லி வேப்பெண்ணெயோடு அரை டீஸ்பூன் காதி சோப்புக் கரைசலை முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். பால் நிறம் வர வேண்டும். மாலை ஐந்துக்கு மேல், இலையின் அடிப்பக்கத்திலும் கணுக்களிலும் அடியுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. அதற்கு முன்பு சுருண்டுபோன நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, மீதியைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எறும்பை விட்டுவைத்தால் மாவுப்பூச்சி திரும்ப வரும். அது கசியும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. தண்டில் பிளாஸ்டிக் டேப் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள்.

அடிக்கும் முன்பு உற்றுப் பாருங்கள். அதே வெள்ளை மாவோடு, ஆனால் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, தொட்டால் சுறுசுறுப்பாக ஓடும் புழு இருந்தால் அது ஒருவகைப் பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் பிழைப்பு. அந்தக் கிளைக்கு மருந்து வேண்டாம்.

கேள்வி: எங்கள் லாப்ரடார் மதியம் முழுக்க மூச்சிரைக்கிறது. முடியை மழித்துவிடலாமா? ஐஸ் தண்ணீரில் குளிப்பாட்டலாமா?
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: மழிக்காதீர்கள். அந்த இரட்டை அடுக்கு முடி வெயிலையும் தடுக்கிறது. உதிரும் உள்முடியைத் தினமும் வாரி எடுத்தால் போதும். நடக்க அழைத்துப் போவது காலை ஆறரைக்குள் முடியட்டும். மாலையில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

சும்மா மூச்சிரைப்பது வேறு, வெயில் தாக்கு வேறு. ஈறு செங்கல் நிறமாகச் சிவப்பது, எச்சில் கெட்டியாவது, தள்ளாடுவது, வாந்தி, இவை ஆபத்தின் அடையாளம். நாயின் இயல்பான உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் உடனே குளிர்விக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்க, முக்கியமாக வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் தண்ணீரை விட்டுக்கொண்டே மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். ஐஸ் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். ஆனால் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது மதியத்தில் சுடுதண்ணீர்தான்; வீட்டுக்குள் ஒரு டிரம்மில் பிடித்து வைத்திருங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கும். 103க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு, நாய் தெளிந்தது போலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் கொண்டு போங்கள். உள்ளுறுப்பு பாதித்தது வெளியே தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் அல்ல. பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும்.

மோர்ச்சோறு கொடுக்கலாம், உப்பும் வெங்காயமும் இல்லாமல்.

கேள்வி: தொங்கும் தொட்டியில் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டிருக்கிறது. செடி காய்கிறது, தண்ணீர் ஊற்றலாமா?
— வாசகி, பேரணாம்பட்டு

பதில்: ஊற்றலாம். நீண்ட மூக்குள்ள குவளையால் தொட்டியின் ஓரமாக, கூட்டில் படாமல், காலையில் ஒரே நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மதியத்தில் கிட்டே போகவே வேண்டாம். அப்போது தாய்க்குருவி உட்கார்ந்திருப்பது முட்டைக்கு நிழல் கொடுக்க. நீங்கள் போய் அது பறந்துவிட்டால் வெயிலில் முட்டை கெட்டுவிடும். தொட்டியை நகர்த்தாதீர்கள். சுமார் இரண்டு வாரத்தில் பொரியும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள் வெளியேறும். இறகு முளைத்து வால் குட்டையாக உள்ள குஞ்சு தரையில் தத்தினால் அது அனாதை அல்ல, பறக்கப் பழகுகிறது. பூனையை வீட்டுக்குள் அடைத்துவிட்டு நீங்களும் உள்ளே போய்விடுங்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்ச் செத்துவிடும்.

கேள்வி: பறவைக்கு வைத்த தண்ணீருக்குப் பாம்பு வருகிறது. பூண்டு கரைசல், பினாயில் தெளித்தால் போகுமா?
— வாசகர், அணைக்கட்டு

பதில்: இரண்டாலும் போகாது. தண்ணீருக்குத் தவளை வரும், சிந்திய தானியத்துக்கு எலி வரும், இரண்டையும் தேடிப் பாம்பு வரும். மண்சட்டியைத் தரையில் வைக்காமல் நாலடி உயரத்தில், வாசலுக்குத் தள்ளி வையுங்கள். தண்ணீர் இரண்டங்குலம் போதும், நடுவில் ஒரு கல். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். சாக்கடைக் குழாய் வாய்க்குக் கால் அங்குலக் கம்பிவலை அடியுங்கள். விறகு, செங்கல் குவியலைச் சுவரோரம் வைக்காதீர்கள். சாரையாக இருந்தால் எலி குறையும், விட்டுவிடலாம். எதுவானாலும் அடிக்க வேண்டாம், பல பாம்புகளை அடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்; வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.