வங்கி கைவிரித்த துப்பாக்கிக் கடையும் உங்கள் எச்-1பி பணமும்

தம்பி, ஹூஸ்டன் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள், அதற்குள் துப்பாக்கிக் கடைக்குப் பங்கு கேட்டு ஆள் வந்துவிட்டார். நீங்கள் கேட்டது இதுதானே: அலுவலக நண்பர், இந்த ஊர்க் குடிமகன், வேட்டைச் சாமானும் துப்பாக்கியும் விற்கிற சின்னக் கடை ஒன்றை வாங்கப் பார்க்கிறார். பெரிய வங்கி "இந்தத் தொழிலுக்குக் கடன் இல்லை" என்று கைவிரித்துவிட்டது. டெக்சஸில் அப்படிச் சொல்லக் கூடாதென்று சட்டம் இருக்கிறதாமே, வழக்குப் போடலாமா? இல்லையென்றால் குறைகிற பணத்தை நான் போட்டுப் பங்குக்குச் சேரலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: சேராதீர்கள். காரணம் கடைசியில்.

பத்தொன்பது வருஷமாக இங்கே சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். பெட்ரோல் பங்க், மோட்டல், இரண்டு துப்பாக்கிக் கடை. நண்பர் சொல்கிற சட்டம் உண்மைதான். 2021 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது கடைக்காரருக்காகப் போட்ட சட்டமில்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற ஒரு நிறுவனம், மாநில அரசோடோ நகராட்சியோடோ பள்ளி மாவட்டத்தோடோ 1,00,000 டாலருக்குக் குறையாத ஒப்பந்தம் போட வந்தால், "துப்பாக்கித் தொழிலை ஒதுக்க மாட்டோம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவே. மீறினால் வங்கி அரசு ஒப்பந்தத்தை இழக்கும், நண்பர் கைக்குக் கடன் வராது. சிட்டி வங்கிக்கு 2023 ஜனவரியில் அதுதான் நடந்தது. மாநிலமும் ஊர்களும் கடன் திரட்ட விடுகிற பத்திரங்களை விற்றுத் தருகிற வேலையிலிருந்து டெக்சஸ் அதைத் தள்ளிவைத்தது. இதில் ஒரு வேடிக்கை. பெரிய வங்கிகள் விலகியதால் போட்டி குறைந்து, முதல் எட்டு மாதத்தில் வாங்கிய கடன்களுக்கு மட்டும் டெக்சஸ் ஊர்கள் 30 கோடியிலிருந்து 53 கோடி டாலர் வரை கூடுதல் வட்டி கட்ட வேண்டியிருக்கும் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அது வீட்டுவரியில் ஏறும். வாடகைக்கு இருக்கிற உங்களுக்கும் சுற்றி வந்து சேரும்.

மத்திய அரசின் சமக் கடன் சட்டம் 1974-இலிருந்து இருக்கிறது. நிறம், மதம், பூர்வீக நாடு, பால், வயது பார்த்து மறுக்கக் கூடாது என்கிறது. தொழில் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அதில் நண்பருக்கு உதவுகிற ஒன்று உண்டு: சின்ன வியாபாரம் என்றால், மறுத்த காரணத்தை, மறுப்பைச் சொன்ன நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுதிக் கேட்கலாம், வங்கி சொல்லியாக வேண்டும். வழக்கை விட அந்தக் கடிதம் பிரயோஜனம்.

இந்த ஒதுக்கல் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், 2013-இல் ஒபாமா அரசின் நீதித்துறை 'ஆபரேஷன் சோக் பாயின்ட்' என்று ஒன்று நடத்தியது. மோசடிக்காரர்களுக்குப் பணம் கைமாற்றிக் கொடுக்கிற வங்கிகளைப் பிடிக்கத்தான். ஆபத்துத் தொழில் என்று வங்கி மேற்பார்வையாளர்கள் ஏற்கெனவே போட்டிருந்த பட்டியலில் துப்பாக்கி, தோட்டா விற்பனையும் இருந்ததால் வங்கிகள் பயந்துகொண்டன. 2017-இல் அதை நிறுத்தினார்கள். அடுத்த பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மார்ச்சில் சிட்டி, 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கிற கடைகளோடு தொழில் இல்லை என்றது. ராணுவப் பாணித் துப்பாக்கியைப் பொதுமக்களுக்காகச் செய்கிறவர்களுக்குக் கடன் நிறுத்தம் என்றது பேங்க் ஆஃப் அமெரிக்கா. இப்போது காற்று திரும்பிவிட்டது. 2025 ஜூனில் சிட்டி அந்தக் கொள்கையைக் கைவிட்டது, ஆகஸ்டில் டிரம்ப் வங்கிகளின் இந்த ஒதுக்கலுக்கு எதிராக ஓர் உத்தரவே போட்டார். ஆனால் எந்த உத்தரவும் கடன் அதிகாரியின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்காது.

கடை வாங்கப் போன ஒரு வாடிக்கையாளரோடு அப்படி ஓர் அதிகாரியின் எதிரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளூர் வங்கி, நல்ல மனிதர், தானே மான் வேட்டைக்குப் போகிறவர். சரக்கை ஈடாகக் காட்டிப் படம் கொடுத்தோம்: சுவர் முழுக்க ரைபிள். பார்த்துவிட்டு, "நாளைக்குக் கடை படுத்தால் இதை நான் எப்படி விற்பது?" என்றார். அவர் வங்கியிடம் விற்பனை லைசென்ஸ் கிடையாது. அதோடு கடையை வாங்கினால் லைசென்ஸ் கூட வராது. வாங்குகிறவர் புதிதாக விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை கல்லாவில் என்ன விழும்? அவர் கேட்டது நியாயம்தான். கட்டடத்தை ஈடு வைத்த பிறகு கடன் வந்தது.

கடனை விடப் பெரிய தலைவலி கார்டு மெஷின். கார்டுப் பணத்தை வாங்கித் தருகிற ஸ்கொயர், பேபால் நிறுவனங்கள் இரண்டின் விதியிலேயே துப்பாக்கி கூடாதென்று இருக்கிறது. என் வாடிக்கையாளர் ஒருவர் வேறொரு நிறுவனத்திடம், 'விளையாட்டுச் சாமான் கடை' என்று எழுதிக் கொடுத்து மெஷின் வாங்கியிருந்தார். நவம்பர் முதல் சனிக்கிழமை மான் சீசன் திறக்கும். வருஷத்தின் பெரிய வியாபாரமே அந்த வாரம்தான். அதற்கு முந்தின வெள்ளி காலை, மெஷின் கொடுத்த நிறுவனம் அவர் கணக்கை மூடிவிட்டது. அட்டைப் பெட்டியைக் கிழித்து 'ரொக்கம் மட்டும்' என்று எழுதிக் கதவில் ஒட்டினார். எதிர்ப்புறப் பெட்ரோல் பங்கில் இருக்கிற ஏடிஎம்முக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. பிடித்து வைத்த பணம் கைக்கு வர ஐந்து மாதம். உண்மையைச் சொல்லிக் கூடுதல் கட்டணத்துக்கு வாங்கியிருந்தால் தப்பித்திருப்பார், அது வேறு விஷயம்.

இனி உங்கள் கதை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கடையை நடத்துவதில் உங்கள் சொல் செல்லும் என்றால் லைசென்ஸ் விண்ணப்பத்தில் உங்கள் பெயரும் ஏற வேண்டும், அங்கேயே சிக்கல். சும்மா பணம் மட்டும் போட்டுவிட்டுச் சனிக்கிழமை கல்லாவில் உட்கார்ந்தாலும் வம்பு, அந்த விசா உங்கள் கம்பெனி வேலைக்கு மட்டும்தான். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிற ஆள் இதில் கால் வைக்க வேண்டாம்.

நண்பர் உள்ளூர் வங்கி, கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவுக் கடன் சங்கம்) இரண்டையும் பார்க்கட்டும். விற்கிறவரே தவணைக்கு விடுவாரா என்றும் கேட்கட்டும். வயதாகிக் கடையைக் கொடுக்கிறவர்கள் பலர் விடுகிறார்கள். ஞாயிறு காலை பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் இருப்பேன். வங்கிக் கடிதத்தை அவரிடம் வாங்கிக்கொண்டு வாருங்கள், முதலில் தேதியைப் பார்ப்போம்.