செட்டிநாட்டைப் பார்க்கக் காரைக்குடி மட்டும் போதுமா?

குடும்பத்துடன் 2 நாள் பயணமாக வருவதாகவும், காரைக்குடியைச் சுற்றிப் பார்த்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்துக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் காரைக்குடி போதும், பார்ப்பதற்குப் போதாது. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்னும் இரு மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களைக் கொண்டது. மாவட்டவாரியாகத் திட்டமிடுபவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள திருமயம், ராயவரம், கடியாபட்டி ஆகியவற்றை விட்டுவிடுகிறார்கள்.

முதல் நாள் காலையில் கானாடுகாத்தான் செல்லுங்கள். திருச்சி சாலையில் அரை மணி நேரப் பயணம். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டிய அரண்மனை அங்கேதான் இருக்கிறது. உள்ளே விடுவார்களா என்பது அன்றன்றைய நிலையைப் பொறுத்ததாகையால், அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். தெருக்களில் நடந்தாலே ஒரு விஷயம் புரியும்: ஒரு தெருவில் முகப்பு இருக்கும் வீட்டின் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். திண்ணை, வளவு (அறைகள் சூழ்ந்த முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என அத்தனையும் அந்த நீளத்துக்குள் ஒரே நேர்கோட்டில் அடங்கியிருக்கும்.

உட்புறத்தை நிதானமாகப் பார்க்க ஆத்தங்குடியின் லட்சுமி இல்லமே ஏற்றது; சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கிறார்கள். அதே ஊரில் தளக்கல் செய்யும் பட்டறை ஒன்றிலும் கட்டாயம் அரை மணி நேரம் நில்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வேலைப்பாடுள்ள அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிய பிறகும் நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு மட்டப்படுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையில் சுடுவதே கிடையாது. கல்லின் பளபளப்பு அடியில் இருந்த கண்ணாடி தந்தது. கல் வாங்குவதானால் கூலியையும் வண்டி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாளைக் கோயில்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில்கள் ஒன்பதில் பிள்ளையார்பட்டிக்கு எல்லோரும் போகிறார்கள். குடைவரைக்குள் இரண்டே கைகளுடன் அமர்ந்திருக்கும் கற்பக விநாயகரைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். அருகிலேயே இருக்கும் வைரவன்பட்டியையும், தூண் சிற்பங்களுக்காகவே போக வேண்டிய இரணியூரையும் நான் அதற்குச் சற்றும் குறைவாக மதிப்பதில்லை. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இவற்றைக் காலையிலேயே முடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திருமயம் செல்லுங்கள். 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டையின் அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள் இருக்கின்றன. கோட்டை உச்சிக்கு ஏறப் பெரியவர்களுக்குச் சிரமம். அவர்கள் கீழேயே இருந்துவிடலாம்.

காரைக்குடிக்குள் ஆயிரம் சன்னல் வீட்டை வெளியிலிருந்து ஒரு முறை பார்த்தால் போதும். அந்த நேரத்தைப் பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோயில் தெருவுக்கோ, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை நெய்யும் தறிகளுக்கோ கொடுங்கள். கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டை சிவகங்கைப் பக்கம் தள்ளி இருப்பதால், மதுரை வழியாகத் திரும்புகிறவர்களுக்கு மட்டுமே சரிப்படும்.

தைப்பூசத்தை ஒட்டி வருவதாக இருந்தால் அறையை முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். பழனிக்குக் காவடியுடன் நடக்கும் நகரத்தார் கூட்டம் காரைக்குடிக்கு அருகிலுள்ள குன்றக்குடியில் கூடும் சமயம் அது.