மண்டபம் வேண்டாம் என்கிறாள் மகள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

ஆரையம்பதியில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு 12 வயது, தரம் 7 படிக்கிறாள். ஆவணியில் பெரியபிள்ளையானாள். தண்ணி வார்த்தது வீட்டோடு முடிந்தது. சுவிஸில் இருக்கும் என் அக்கா மார்கழி விடுமுறைக்கு வருகிறா. அப்போது மண்டபத்தில் பெரிதாகச் சடங்கு செய்வதாக முடிவு. முற்பணமும் கட்டியாயிற்று.

மகள் சின்னதில் இருந்தே ஒரு மாதிரி. செத்த வண்டு, தும்பி, அந்துப்பூச்சி எல்லாம் பொறுக்கிச் சப்பாத்துப் பெட்டியில் அடுக்குவாள். கரையில் ஒதுங்கிய பேத்தை மீன் ஒன்றைக் காயவைத்து ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறாள். கூட்டத்தில் சிரிக்கமாட்டாள். சிநேகிதிகள் இரண்டே பேர். லீவில் ‘ஆடம்ஸ் ஃபாமிலி’ கார்ட்டூன் படம் பார்த்தாள். அன்றிலிருந்து அதில் வரும் வென்ஸ்டே என்ற பிள்ளையைப் போல இரட்டைப் பின்னல், கறுப்புச் சட்டை. நானும் முதலில் ரசித்தேன். இரண்டு கறுப்புச் சட்டை தைத்துக் கொடுத்து, “எங்கட வென்ஸ்டே” என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினேன்.

இப்போது சடங்குப் பேச்சை எடுத்தாலே, “பக்ஸ்லி மாதிரி எல்லாருக்கும் முன்னால நான் வாள் சுத்த ஏலாது” என்று கதவைச் சாத்துகிறாள். எங்கள் வளவுக்குள்ளேயே அம்மா, பெரியம்மா, தங்கச்சி வீடுகள். “வெள்ளிக்கிழமையும் கறுப்பு உடுத்துறாள், செத்ததுகளோட புழங்குறாள், ஏதோ பட்டிருக்கு, நூல் கட்டுவம்” என்கிறா அம்மா. படம்தான் கெடுத்தது என்கிறாள் தங்கச்சி. இவர் வாயே திறப்பதில்லை. இது ஏதும் மனநோயா? படத்தை நிறுத்துவதா, சடங்கை நிறுத்துவதா?

ஒரு தாய், ஆரையம்பதி

*

அன்புள்ள தங்கைக்கு,

படத்தையும் நிறுத்த வேண்டாம், சடங்கையும் நிறுத்த வேண்டாம். மண்டபத்தைக் கைவிட வேண்டி வரலாம். அதற்கு இப்போதே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தை உங்கள் வளவில் சரியாகப் பார்த்தவள் மகள்தான். 1938இல் சார்ள்ஸ் ஆடம்ஸ் என்பவர் ‘நியூயோர்க்கர்’ பத்திரிகையில் வரையத் தொடங்கிய கேலிச்சித்திரக் குடும்பம் அது. 2019இல் வந்த கார்ட்டூன் படத்தை, ஊர் ஒதுக்கிய விசித்திரக் குடும்பத்தைக் கடைசியில் ஊர் ஏற்றுக்கொள்ளும் கதை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மகன் பக்ஸ்லி, சொந்தபந்தம் எல்லாம் கூடிப் பார்க்க மசூர்கா என்ற வாள் நடனம் ஆட வேண்டும். ஆடினால்தான் அவன் ஆளானதாகக் கணக்கு. அவனுக்கு வாள் வராது, வெடி வைக்கத்தான் வரும். அக்கா வென்ஸ்டே பள்ளிக்கூடம் போய்ப் பழகி, இளஞ்சிவப்பு கிளிப் குத்திக்கொண்டு வந்தபோது தாய் மோர்டிசியாவுக்குத் தாங்கவில்லை. கறுப்பை ஏற்கும் வீட்டுக்கு இளஞ்சிவப்பு ஆகவில்லை.

மகள் தன்னை வென்ஸ்டே என்று சொல்லவில்லை, பக்ஸ்லி என்கிறாள். கவனித்தீர்களா? வென்ஸ்டே என்று பெயர் வைத்தது நீங்கள். அன்பாகத்தான் வைத்தீர்கள், ஆனாலும் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். நாளைக்கு அவள் மஞ்சள் சட்டை கேட்டால், “என்ன, வென்ஸ்டே மாறிட்டாவோ?” என்று வளவே சிரிக்கும். அதற்குப் பயந்தே கறுப்பை விடமாட்டாள்.

மனநோயா என்ற கேள்விக்கு வருகிறேன். கறுப்பு உடுப்பும் பூச்சிப் பெட்டியும் நோயல்ல, அவை அவளுடைய ருசி. நீங்கள் பார்க்க வேண்டியது மாற்றத்தை. நித்திரை, சாப்பாடு, படிப்பு மூன்றும் 2 வாரத்துக்கு மேல் குழம்பிக் கிடக்கிறதா? அந்த இரண்டு சிநேகிதிகளையும் தவிர்க்கிறாளா? பூச்சிப் பெட்டியைக்கூடத் தொடாமல் விட்டுவிட்டாளா? கையில் கீறல் இருக்கிறதா? “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்பது போல ஏதும் சொல்கிறாளா? சாவைப் பற்றிய பகிடி வேறு, தன் சாவைப் பற்றிய பேச்சு வேறு. சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஒன்றுக்கு ஆம் என்றாலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இரவு நேரத்தில் பயம் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சின்ன வயதிலிருந்தே சட்டை லேபிள் உறுத்துவது, தலையை இழுத்துக் கட்டினால் அழுவது, ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவது, ஒரே விஷயத்தில் மூழ்கிக் கிடப்பது எல்லாம் சேர்ந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓட்டிசம் உள்ள பெண்பிள்ளைகள் சிலரை இந்த வயதில்தான் அடையாளம் காண்கிறார்கள். ஒரு கடிதத்தை வைத்து அந்தப் பெயரை நான் சூட்டமாட்டேன்.

இனி சடங்கு. “ஏன் வேண்டாம்?” என்று கேட்டால் 12 வயதுப் பிள்ளைக்குப் பதில் வராது, கதவுதான் சாத்தும். “எது எது வேண்டாம்?” என்று கேளுங்கள். அம்மம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்க வேண்டாம். முகம் பார்த்து உட்காரவும் வேண்டாம்; இறால் உரிக்கும்போதோ கடற்கரையில் நடக்கும்போதோ பேச்சைத் தொடங்கி, வீட்டுக்கு வந்து ஒரு தாளில் மூன்று கோடு போடுங்கள்: சரி, பொறுத்துக்கொள்ளலாம், முடியவே முடியாது. மண்டபம், மேடை, சேலை, மேக்கப், தலை அலங்காரம், மாமிமார் ஆலாத்தி எடுப்பது, பலகாரத் தட்டோடு படம், வீடியோ, அல்பம், பேஸ்புக்கில் போடுவது, சந்தியில் கட்டும் பெரிய பனர் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி அவளையே அடையாளம் போடச் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்குச் சடங்கு முழுவதும் பிரச்சினையாக இருப்பதில்லை. வகுப்புப் பொடியன்மார் பார்க்கப்போகும் அந்த பனர்தான் தொண்டையில் நிற்கும். முழங்கால் உயர எழுத்தில் “பூப்புனித நீராட்டு விழா” என்று போட்டு, பிள்ளையின் படத்தையும் அடித்துச் சந்தியில் கட்டும் பழக்கத்தை எந்தப் பிள்ளைக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

“முடியவே முடியாது” என்று போட்டவற்றை உண்மையாகவே நீக்குங்கள். இங்குதான் பலர் பிசகுகிறார்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அன்று காலை மேக்கப் காரியைக் கூப்பிடுவார்கள். அல்லது போன் வாங்கித் தருகிறேன் என்று பேரம் பேசுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் எந்த வாக்கையும் அவள் நம்பமாட்டாள். வீட்டு முற்றத்தில் 20 பேரோடு ஆலாத்தியும் சாப்பாடும் என்று தாள் சொன்னால் அதுவே சடங்கு. மண்டபத்துக்குக் கட்டிய பணத்தில், அக்கா வந்த சந்தோசத்துக்கென்று மேடையில்லாத ஒரு மதியச் சாப்பாடு வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். நம் பக்கத்தில் வீடும் வளவும் பெண்வழி. மருமகன் பேசினால் அது வேறு பிரச்சினையாகும். நீளமாக விளக்கவும் வேண்டாம். “சடங்கு நிக்கல்லம்மா, வீட்டோட செய்யிறம்” என்ற ஒரு வரியையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். படத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஊரே மனம் மாறுகிறது. வளவு அவ்வளவு கெதியாக மாறாது. நூலைப் பற்றிச் சண்டை பிடிக்காதீர்கள். மகள் சம்மதித்தால் கோயில் நூல் கையில் கிடந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பேய் என்று சொல்லி வேப்பிலையால் அடிப்பது, உருவேற்றுவது எதற்கும் இடம் கொடுக்க வேண்டாம். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் பள்ளிக்கூடம் வரை போகும்.

அம்மாவின் முறைப்பாட்டில் பாதி நாற்றமாகவும் இருக்கலாம். ஐப்பசி முதல் தை வரை நம் மாரியில் எதுவும் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியின் அடியில் ரெஜிபோம் வெட்டி வைத்து, பூச்சிகளைக் காய்ந்து விறைக்கும் முன்பே ஊசியில் குத்தச் சொல்லுங்கள்: வண்டுக்கு வலது மேற்சிறகில், அந்துப்பூச்சிக்கும் தும்பிக்கும் நெஞ்சின் நடுவில். பிறகு ஒரு கிழமையாவது காற்றோட்டத்தில் உலரவிடட்டும். எறும்பு வராமல் மூலையில் ஒரு நப்தலீன் உருண்டை. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பெட்டி. புதுச் சப்பாத்தோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளை எறியாமல் உள்ளே போடலாம். பேத்தையை மட்டும் அகற்றிவிடுங்கள். அதன் தோலிலும் ஈரலிலும் உள்ள நஞ்சு அவித்தாலும் போகாது. பூனையோ குழந்தையோ வாய் வைத்தால் ஆபத்து. காரணத்தைச் சொன்னால் மகளுக்கு விளங்கும்.

சுவிஸ் அக்காவுக்கு இந்தக் கிழமையே வட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால், அவ கொண்டுவந்த சேலையும் நகையும் அம்மாவின் கட்சியில் சேர்ந்துவிடும்.