பக்கத்து வீட்டுக்காரரின் வாக்கு

கேள்வி: ஈராக் போரை வெறுத்த ஜனநாயகக் கட்சியினரே, 2004-ல் அந்தப் போருக்கு ஆதரவாக வாக்களித்த ஜான் கெர்ரியை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2020-ல் ஜோ பைடன் விஷயத்திலும் அதே கதை. நடுவழியில் போகிற, போருக்குத் தலையாட்டுகிற ஆள்மீது அமெரிக்க உட்கட்சி வாக்காளர்களுக்கு அப்படி என்ன மயக்கம்? கொள்கையே இல்லாத கூட்டமா இது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கேள்வி நியாயமானது. கடைசி வரி நியாயமானதல்ல. அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேட்பாளர் தேர்வு முதலில் தொடங்கிய அயோவா மாநிலத்தில் 2004 ஜனவரி 19 அன்று நடந்தது நாம் அறிந்த வாக்குப்பதிவு அல்ல. மாலையில் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ ஊர்க்காரர்கள் கூடுவார்கள். ரகசியம் கிடையாது. இவருக்கு இந்த மூலை, அவருக்கு அந்த மூலை என்று எழுந்து போய் நிற்கவேண்டும், தலைகளை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் சேராத மூலை கலைந்துவிடும். அங்கே நின்றவர்களை அக்கம்பக்கத்தார் வந்து தங்கள் பக்கம் அழைப்பார்கள்.

அன்று உள்ளே நுழைந்தவர்களிடம் கருத்துக் கேட்டபோது முக்கால்வாசிப் பேர் போரை ஏற்கவில்லை என்றே சொன்னார்கள். ஆனால் போரை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்த ஹோவர்ட் டீனுக்குக் கிடைத்தது 18 சதவீதம். போருக்கு அதிகாரம் கொடுத்து 2002 அக்டோபரில் செனட்டில் வாக்களித்த கெர்ரிக்கு 38. அதே பக்கம் வாக்களித்த ஜான் எட்வர்ட்ஸுக்கு 32. அந்தக் களத்தில் போரை மிகக் கடுமையாக எதிர்த்தவர் டென்னிஸ் குசினிச். அவரே தம் ஆட்களிடம், நம் மூலை கலைகிற இடங்களில் எட்வர்ட்ஸ் மூலைக்குப் போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

போர் ஆதரவுதான் அவர்களை ஈர்த்தது என்றால் ஜோ லீபர்மன் அல்லவா வென்றிருக்க வேண்டும்? ஒளிவுமறைவில்லாமல் போரை ஆதரித்தவர் அவர். அயோவாவுக்கு அடுத்து வாக்களித்த நியூ ஹாம்ஷயரில் ஐந்தாம் இடம். பிப்ரவரி 3-ஆம் தேதியே களத்தைவிட்டு விலகினார். அந்த மக்கள் தேடியது போரை விரும்புகிறவரை அல்ல. 'கோழை' என்று குடியரசுக் கட்சி அதிபர் புஷ்ஷின் தரப்பு சொன்னால் அந்தச் சொல் ஒட்டாத ஒருவரை.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1972-ல் வியட்நாம் போரை நிறுத்துவேன் என்று ஜார்ஜ் மெக்கவர்ன் நின்றார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர் அவர். ஆனாலும் குடியரசுக் கட்சியின் நிக்சன் 49 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார். ஜனநாயகக் கட்சியில் மூத்தவர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் அந்த அடி இருந்தது.

இப்போது அயோவாவுக்குத் திரும்புங்கள். வாக்குக்கு இரண்டு நாள் முன்பு டெமாய்ன் நகரில் ஜிம் ராஸ்மன் என்ற முன்னாள் வீரர் கெர்ரியைக் கட்டித் தழுவினார். 1969-ல் வியட்நாமில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஆற்றில் விழுந்து கிடந்த அவரைப் படகில் இழுத்துப் போட்டவர் கெர்ரி. ராஸ்மன் குடியரசுக் கட்சிக்காரர். தாமாகவே தேடி வந்திருந்தார். அதைப் பார்த்த அயோவாக்காரர் தமக்காக யோசிக்கவில்லை. எந்தக் கட்சியிலும் சேராத பக்கத்து வீட்டுக்காரர் இந்த மனிதருக்கு வாக்களிப்பார் என்று அவருக்காக யோசித்தார். 'டீனோடு பழகினேன், கெர்ரியைக் கல்யாணம் கட்டிக்கொண்டேன்' என்று அந்த நாட்களில் ஒரு வாசகம் உலவியது. அதில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது.

2020-ல் பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ஷயரில் ஐந்தாவது. தென் கரோலினாவில்தான் எழுந்து நின்றார். அந்த மாநிலத்தின் செல்வாக்குள்ள கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் சொன்னது நினைவிருக்கலாம்: "ஜோவை நமக்குத் தெரியும். அதைவிட முக்கியம், ஜோவுக்கு நம்மைத் தெரியும்." அவரை ஏற்று வாக்களித்த கறுப்பின முதியவர்கள் வாக்குரிமை மறுக்கப்பட்ட காலத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை. தோற்றால் அடி முதலில் தங்கள்மேல்தான் விழும் என்று அறிந்தவர்கள். அவர்களைப் பார்த்துக் கொள்கையில்லாத கூட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் 2004-ன் கணக்கு தப்பான கணக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்களோடு நான் கோபப்படுவதும் இங்கேதான். பக்கத்து வீட்டுக்காரர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகித்து வாக்களித்தார்கள். அவரை மாற்ற முடியும் என்ற எண்ணத்தையே முதலில் கைவிட்டுவிட்டார்கள். வேட்பாளரும் அதையே செய்தார். 8,700 கோடி டாலர் போர்ச் செலவு மசோதாவைப் பற்றி, "எதிர்த்து வாக்களிக்கும் முன் அதற்கு ஆதரவாகவும் வாக்களித்தேன்" என்றார். புஷ் தரப்புக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. கெர்ரி வியட்நாமில் பெற்ற பதக்கங்களே பொய் என்று ஆகஸ்டில் விளம்பரங்கள் வந்தன. எந்தக் கவசத்தை நம்பி அவரைத் தேர்ந்தெடுத்தார்களோ அதையே எதிராளிகள் உரித்தார்கள்.

அதே ஆகஸ்டில் கிராண்ட் கேன்யனில் வைத்து நிருபர்கள் கேட்டார்கள்: இன்று தெரிவது அன்றே தெரிந்திருந்தாலும் அந்த அதிகாரத்துக்கு வாக்களித்திருப்பீர்களா? பேரழிவு ஆயுதம் எதுவும் அகப்படவில்லை என்று உலகத்துக்கே தெரிந்துவிட்ட நேரம் அது. ஆம் என்றார் கெர்ரி. 1971-ல் 27 வயதில் செனட் குழுவின் முன் அமர்ந்து, ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி மனிதனாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டவர் இதே மனிதர். அந்தக் கேள்வியை 2004-ல் அவர் ஒருமுறை திருப்பிக் கேட்டிருந்தால் வென்றிருப்பாரா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கேட்காமலே, முடிவைத் தீர்மானித்த ஒஹையோ மாநிலத்தைச் சுமார் 1,18,000 வாக்கில் இழந்தார். அதோடு தேர்தலையும் இழந்தார். போர் வேண்டாம் என்று எண்ணிய அமெரிக்கருக்கு அந்த நவம்பரில் இரு பெரிய கட்சிகளிலும் வாக்களிக்க ஆளில்லை.

அயோவாக்காரர்கள் மூலைகளில் நின்ற அந்த ஜனவரியில், ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 500-ஐத் தொட்டது. 2011 டிசம்பரில் படை வெளியேறியபோது அது 4,500-ஐ நெருங்கியிருந்தது. இறந்த ஈராக்கியர்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.