தடுப்பாட்டப் பயிற்சியாளராகும் பாதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் அக்கா மகன் ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியில் லைன்பேக்கராக (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) ஆடியவன். இந்த ஆண்டு பட்டப்படிப்பை முடிக்கிறான். வேலை தேடாமல், வேறொரு பல்கலைக்கழகத்தின் தடுப்பாட்டப் (டிஃபென்ஸ்) பிரிவில் ‘கிராஜுவேட் அசிஸ்டன்ட்’ ஆகச் சேரப் போவதாகச் சொல்கிறான். இது வேலையா, படிப்பா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று அக்கா கவலைப்படுகிறார்.
– ஒரு வாசகி, கொலம்பஸ்

பதில்: இரண்டும்தான். முதுகலை வகுப்பில் படித்துக்கொண்டே பயிற்சிக் குழுவின் கடைநிலையில் உழைக்கும் பதவி அது. கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டு, கைச்செலவுக்கு ஒரு சிறு தொகையும் தரும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். வருமானத்தை மட்டும் பார்த்தால் உங்கள் அக்காவின் கவலை நியாயமானதே. ஆனால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பயிற்சியாளர்கள் பலர் உள்ளே நுழைந்த வாசல் இதுதான். அலபாமாவுக்கு ஆறு முறை தேசியச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த நிக் சேபன்கூட, தாம் ஆடிய கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1973-இல் இதே பதவியில்தான் தொடங்கினார்.

அந்த இரண்டு ஆண்டுகளில் செய்கிற வேலை வெளியில் தெரியாது. வரும் சனிக்கிழமை மோதவிருக்கும் எதிரணியின் பழைய ஆட்டங்களின் காணொளியை ஒவ்வொரு நகர்வாக நிறுத்தி, அது எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), இன்னும் எத்தனை யார்டு தேவைப்பட்டது, பந்து மைதானத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தது, ரன்னிங் பேக்குகளும் (பந்தைச் சுமந்து ஓடுபவர்கள்) டைட் எண்டுகளும் (முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்கள்) எத்தனை பேர் நின்றார்கள் என்று கணினியில் பதிய வேண்டும். பிறகு அந்த அணிவகுப்புகளைத் தடித்த பேனாவால் அட்டைகளில் பெரிதாக வரைந்து, பயிற்சியின்போது எதிரணி வேடம் கட்டும் ‘ஸ்கவுட்’ வீரர்களுக்குத் தூக்கிப் பிடித்துக் காட்ட வேண்டும். அட்டையில் ஒரு வட்டத்தை இடம் மாற்றி வரைந்துவிட்டால், முதல்நிலைத் தடுப்பாட்டக்காரர்கள், எதிரணியிடம் இல்லவே இல்லாத ஓர் அணிவகுப்பைப் பார்த்துப் பழகிவிடுவார்கள்; திட்டு யாருக்கு விழும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது டவுனில் ஏழு யார்டு வேண்டியிருக்கும்போது ஓர் அணி எதைச் செய்யும் என்று கணிக்கும் கண், இந்தச் சலிப்பூட்டும் வேலையில்தான் தேறுகிறது.

ஆகவே சம்பளத்தை விட, அங்கே தடுப்பாட்டத்தை நடத்துபவர் யார், அவரிடம் வேலை பார்த்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்பதைத்தான் உங்கள் அக்கா மகன் விசாரிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் அதற்கு அடுத்ததுதான்.

கேள்வி: அதற்குப் பிறகு உள்ள படிகள் எவை? ஒவ்வொன்றிலும் எத்தனை ஆண்டுகள் இருக்க வேண்டியிருக்கும்?
– ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: காகிதத்தில் எழுதினால் படிகள் எளிமையானவை. முன்வரிசை, லைன்பேக்கர்கள், பின்வரிசையில் நிற்கும் கார்னர்பேக்குகள், சேஃப்டிகள் என ஏதாவது ஒரு பிரிவுக்குப் பயிற்சியாளர். பிறகு முழுத் தடுப்பாட்டத்துக்கும் பொறுப்பான டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். பிறகு தலைமைப் பயிற்சியாளர். ஆண்டுக் கணக்குச் சொல்ல முடியாது, ஏனெனில் யாரும் இந்தப் படிகளில் நேராக ஏறுவதில்லை.

நீங்கள் அட்லாண்டாவில் இருப்பதால் கிர்பி ஸ்மார்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேஃப்டியாக ஆடிய அவர், 2000-இல் இரண்டாம் பிரிவைச் சேர்ந்த வால்டோஸ்டா ஸ்டேட்டில் பின்வரிசைப் பயிற்சியாளராகச் சேர்ந்து, மறு ஆண்டே அங்கு கோஆர்டினேட்டரும் ஆனார். அதன் பிறகு அவர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது: அந்தப் பதவியை விட்டுவிட்டு, ஃப்ளோரிடா ஸ்டேட்டில் கிராஜுவேட் அசிஸ்டன்ட்டாக, அதாவது கடைசிப் படியில் போய் நின்றார். அங்கே இரண்டு பருவங்கள் கழிந்தபின், 2004-இல் எல்எஸ்யுவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) நிக் சேபனின் குழுவில் பின்வரிசைப் பயிற்சியாளர் ஆனார். அப்போது அங்கு கோஆர்டினேட்டராக இருந்தவர், வால்டோஸ்டாவில் அவருடன் பணியாற்றிய வில் மஸ்சாம்ப். அடுத்த ஆண்டு ஜார்ஜியாவுக்குத் திரும்பி, தடுப்பாட்டத்துக்கே தொடர்பில்லாத ரன்னிங் பேக்குகளுக்குப் பயிற்சி தந்தார். 2006-இல் மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியில் மறுபடியும் சேபனிடம் போய், 2007-இல் அவருடனேயே அலபாமா வந்து, 2008 முதல் 2015 வரை எட்டுப் பருவங்கள் கோஆர்டினேட்டராக இருந்த பிறகுதான் ஜார்ஜியாவின் தலைமைப் பொறுப்பு கைக்கு வந்தது. 2021, 2022 பருவங்களில் அவருடைய அணி தேசியச் சாம்பியன் ஆயிற்று.

இடையில் மஸ்சாம்ப் ஃப்ளோரிடாவிலும் சவுத் கரோலினாவிலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, இரண்டு இடங்களிலும் பதவி நீக்கப்பட்டு, கடைசியில் ஸ்மார்ட்டின் கீழேயே ஜார்ஜியாவில் இணைக் கோஆர்டினேட்டராகப் பணியாற்றினார். இந்தத் தொழிலில் இதை யாரும் இழுக்காகக் கருதுவதில்லை. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் உதவியாளர்களும் பெரும்பாலும் கூடவே வெளியேற வேண்டியிருக்கும். நன்றாகப் பணியாற்றியவர்கூடத் தப்புவது அரிது. அப்போது கைகொடுப்பவர்கள், முன்பு ஒரே அறையில் உட்கார்ந்து காணொளி பார்த்தவர்கள்தான்.

ஒரு விதி மாற்றத்தையும் சொல்ல வேண்டும். முதல்தர அணிகளில் தலைமைப் பயிற்சியாளரைத் தவிர 10 உதவிப் பயிற்சியாளர்கள் மட்டுமே களத்தில் வீரர்களுக்குக் கற்பிக்கலாம் என்றிருந்த வரம்பு 2024-இல் நீக்கப்பட்டது. அதுவரை வாய்திறக்க அனுமதியில்லாமல் இருந்த ‘அனலிஸ்ட்’ (ஆட்டங்களை ஆய்வு செய்பவர்) போன்ற பணியாளர்களும் இப்போது நேரடியாகக் கற்றுத்தரலாம். இளைஞர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

கேள்வி: பெரிய அணியில் ஆடியிருந்தால்தான் மதிப்பார்களா?

பதில்: இல்லை. ஒரேகனின் தலைமைப் பயிற்சியாளர் டான் லானிங், மிசூரியிலுள்ள வில்லியம் ஜூவல் என்ற சிறு கல்லூரியில் லைன்பேக்கராக ஆடியவர். உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியளித்துக்கொண்டிருந்தவர், வேலை கேட்பதற்காகப் பிட்ஸ்பர்க் வரை காரோட்டிப் போனார். உங்கள் முதுகெலும்பின் பலத்தை அல்ல, உங்கள் விளக்கம் பத்தொன்பது வயது வீரனுக்குப் புரிகிறதா என்பதைத்தான் இந்தத் தொழிலில் பார்க்கிறார்கள்.

கேள்வி: தலைமைப் பயிற்சியாளர் ஆகாவிட்டால் இந்தப் பயணம் தோல்விதானா?

பதில்: எனக்கு இந்த எண்ணத்தில் உடன்பாடே இல்லை. வர்ஜீனியா டெக்கின் பட் ஃபாஸ்டர் 1995 முதல் 2019 வரை அங்கேயே தடுப்பாட்டக் கோஆர்டினேட்டராக இருந்தவர். அவருடைய வீரர்கள் சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுபோவது போன்ற ஒரு நசுங்கிய தகரச் சாப்பாட்டுப் பெட்டியை ஆட்டத்துக்கு ஆட்டம் தூக்கிச் செல்வார்கள். நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கு 1996 முதல் வழங்கப்படும் பிராய்ல்ஸ் விருது 2006-இல் அவருக்குக் கிடைத்தது. தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமர் ஓய்வு பெற்று 2016-இல் பொறுப்பேற்ற புதியவரும் ஃபாஸ்டரை அப்படியே வைத்துக்கொண்டார். நான் மேலே சொன்ன வழக்கத்துக்கு இது அபூர்வமான விலக்கு.

வருமானத்திலும் குறையில்லை. முன்னணிப் பல்கலைக்கழகங்கள் சில, கோஆர்டினேட்டருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் தருகின்றன. தலைமைப் பயிற்சியாளரோ நன்கொடையாளர் விருந்துகளிலும் பத்திரிகையாளர் சந்திப்புகளிலும் பாதி நாளைக் கழிக்க வேண்டும். தடுப்பாட்டத்தைச் சிந்திப்பதே பிடித்தமானவர் அந்த நாற்காலிக்கு ஏன் ஏங்க வேண்டும்?

கேள்வி: வேலை தேட உகந்த காலம் எது?

பதில்: டிசம்பரும் ஜனவரியும். பருவம் முடிந்ததும் நீக்கங்களும் நியமனங்களும் அடுத்தடுத்து நடக்கும். அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர்கள் சங்கத்தின் மாநாடும் ஜனவரியில்தான் கூடும். அங்கே சொற்பொழிவு அரங்கை விட விடுதியின் வரவேற்புக் கூடத்தில்தான் வேலைகள் பேசி முடிக்கப்படுகின்றன என்பார்கள். போகிறவர், தாம் தயாரித்த ஒரு எதிரணி ஆய்வறிக்கையைக் கையில் வைத்திருப்பது நல்லது.