வால்வு ஹெட்போன் ஆம்ப் கிட்டில் அப்கிரேட் போர்டை முதல் நாளே போடலாமா?

"பாட்டில்ஹெட் கிராக் ஹெட்போன் ஆம்ப் கிட்டும் அதற்கான ஸ்பீட்பால் அப்கிரேட் போர்டும் ஒன்றாக வந்திருக்கின்றன, இரண்டையும் ஒரேயடியாகப் பூட்டிவிடலாமா, போர்டு போட்டால் உண்மையில் வித்தியாசம் கேட்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரேயடியாகப் போடாதீர்கள். முதலில் கிட்டை உள்ளபடியே பூட்டி, ஒரு மாதமாவது பாட்டுக் கேளுங்கள். பொறுமையைப் பழக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. போர்டு இல்லாமல் ஓடும்போது ஒவ்வொரு முனையிலும் என்ன வோல்டேஜ் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால்தான், போர்டு போட்ட பிறகு ஏதாவது பிழையானால் எங்கே பிழை என்று தெரியும். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டுச் சத்தம் வராவிட்டால், பிழை பழைய வேலையிலா புதிய வேலையிலா என்று தேடியே நாள் போய்விடும்.

நான் இருப்பது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம். எங்கள் வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது, அதைத் திருத்த வரும் ரேடியோ பாஸ் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் மட்டும்தான் மீட்டர் பிடிப்பார். "தம்பி, ரெண்டு கையும் உள்ளே போனா கரண்ட் நெஞ்சு வழியாப் போகும்" என்பார். இந்த ஆம்பும் அப்படித்தான், உள்ளே 170 வோல்ட் அளவுக்கு டிசி ஓடுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் அது நிற்கும், ஆகவே மீட்டர் ஒரு வோல்ட்டுக்குக் கீழே காட்டும்வரை கை வைக்காதீர்கள். டிரான்ஸ்ஃபோமரின் பிரைமரியை (மெயின்ஸ் கரண்ட் நுழையும் சுற்று) எங்கள் 230 வோல்ட்டுக்கு ஏற்ற மாதிரி இணைத்திருக்கிறீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள், கிட் அமெரிக்காவிலிருந்து வருவது.

சரி, போர்டு என்ன செய்கிறது? முதல் வால்வு (கண்ணாடிக் குழாய்) 12ஏயூ7. அதன் பிளேட்டுக்கு (வால்வுக்குள் கரண்ட் நுழையும் முனை) மேலே சுமார் 22 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும். பாட்டுக்கு ஏற்ப வால்வு ஆடும்போது அந்த ரெசிஸ்டர் வழியாகப் போகும் கரண்டும் சேர்ந்து ஆடும், அதனால் வால்வின் உழைப்பில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். ஸ்பீட்பால் அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டர்களாலான மாறாத கரண்ட் மூலத்தை வைக்கிறது. கரண்ட் அசையாமல் நிற்க, வோல்டேஜ் மட்டும் தாராளமாக ஆடுகிறது, திரிபு குறைகிறது, பவர் சப்ளையின் இரைச்சலும் அந்த வழியாக உள்ளே நுழைவது குறைகிறது. இரண்டாவது வால்வான 6080-இன் கேதோடுகளில் (கரண்ட் வெளியேறும் முனைகள்) இருக்கும் 3 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர்களுக்கும் இதே கதைதான். என் ஆம்பில் அங்கே 100 வோல்ட்டுக்குக் கிட்ட இருந்தது, அதாவது 33 மில்லியம்பியர், ஒரு பக்கத்துக்கு மூன்று வாட்டுக்கு மேல் வெறும் சூடு. போர்டு போட்டாலும் சூடு எங்கும் போய்விடாது, ஹீட்சிங்க்குக்கு மாறும், அவ்வளவுதான். அந்த டிரான்சிஸ்டரின் உலோக நாக்கு அதன் மூன்று கால்களில் ஒன்றான கலெக்டரோடு சேர்ந்தது, அதனால் ஹீட்சிங்க்கிலேயே வோல்டேஜ் இருக்கலாம். ஓடும்போது விரலோ மீட்டர் முனையோ அதில் பட விடாதீர்கள், மீட்டர் முனை ஒருமுறை வழுக்கினாலே டிரான்சிஸ்டர் போய்விடும்.

பழைய ரெசிஸ்டர்களைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். ஒன்றை மறந்தாலும் அது போர்டுக்குப் பக்கவாட்டில் நின்று எல்லாக் கணக்கையும் குழப்பும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போர்டு போட்டுச் சுவிட்ச் போட்டேன், வலது பக்கம் அருமையாகப் பாடியது, இடது பக்கம் சத்தமே இல்லை. இந்த ஆம்பில் 12ஏயூ7-இன் கேதோடுகளில் சிறிய சிவப்பு எல்இடிகள் இருக்கும், வால்வில் கரண்ட் ஓடினால்தான் அவை எரியும். குனிந்து பார்த்தால் வலதில் சிவப்புப் பொட்டு மின்னுகிறது, இடதில் இருட்டு. மீட்டரை வைத்தேன், போர்டுக்கு மேலே 170 வருகிறது, பிளேட்டில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் போர்டிலிருந்து பிளேட்டுக்குப் போகும் வயர்தான். வெளியே பனிமூட்டம், அறை குளிர், கையில் 25 வாட் சோல்டர் அயர்ன், ஏற்கெனவே மூன்று வயர் சுற்றிய தடித்த முனை. ஈயம் மேலே உருண்டு பளபளப்பாக உட்கார்ந்திருந்ததே தவிர, வயருக்குள் இறங்கவில்லை. அயர்னை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து முனையைச் சூடாக்கிய பிறகு ஈயம் வைத்தேன், வயரோடு படிந்து ஓடியது, எல்இடியும் எரிந்தது. மலையில் இருப்பவர்கள் 60 வாட் அயர்ன் வைத்துக்கொள்ளுங்கள், இது என் அனுபவத்தில் வந்த அபிப்பிராயம்.

வித்தியாசம் கேட்குமா? எனக்குக் கேட்டது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் முன்பு கொஞ்சம் பரவி ஒலிக்கும், இப்போது அடி விழுந்த இடத்தில் நிற்கிறது. ஆனால் ஹெட்போன் பொருந்த வேண்டும். இதில் அவுட்புட் டிரான்ஸ்ஃபோமர் கிடையாது, ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியே வரும் சிக்னலுக்கு ஆம்ப் காட்டும் தடை) நூறு ஓமுக்கு மேல், அதனால் சென்ஹைசர் ஹெச்டி 600, ஹெச்டி 650 போன்ற 300 ஓம் ஹெட்போன்களுக்குத்தான் இது சரி. உங்களிடம் 32 ஓம் ஹெட்போன் மட்டும்தான் என்றால், போர்டுக்குக் கொடுத்த காசை ஹெட்போனுக்குக் கொடுத்திருக்கலாம்.

சித்திரை, ஐப்பசிப் பக்கம் பின்னேரத்தில் இடி குமுறத் தொடங்கினால் பிளக்கையே கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம்.

முதல் தடவை சுவிட்ச் போடும்போது நல்ல ஹெட்போனைச் சொருகாதீர்கள், இழந்தாலும் பரவாயில்லாத ஒன்றைச் சொருகுங்கள். அப்புறமும் சரிவராவிட்டால், இரண்டு பிளேட் வோல்டேஜையும் இரண்டு கேதோடு வோல்டேஜையும், எந்தப் பக்க எல்இடி எரிகிறது என்பதையும் கீழே எழுதுங்கள், பார்க்கிறேன்.