மூன்று நோட்டும் ஒரு ஆணியும்

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். மதுரையில் மின்வாரிய அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 37. ஆறு வயதில் ஒரு மகன். இரண்டு வருடம் முன்பு தோழிகளோடு அரிட்டாபட்டி மலைக்குப் போனபோதுதான் தமிழ்ப் பிராமியை, பாறையில் வெட்டிய அந்த மிகப் பழைய தமிழ் எழுத்தை, முதன்முதலாகப் பார்த்தேன். அன்றிலிருந்து பைத்தியம். கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன், கூடவே அதற்குப் பிந்தைய வட்டெழுத்தும். ஊர்க் கோயில்களைப் பற்றி எழுத ஆசை. பறவைகளைப் போட்டோ எடுப்பதும் உண்டு. நேரம்தான் இல்லை. காலை 4.30-க்கு அலாரம், செல்போனில் மூன்று செயலிகள், கலர் கலராக ஒரு டைம்டேபிள், எல்லாம் பார்த்தாயிற்று. பத்து நாள் ஓடும், பதினோராவது நாள் பையனுக்குக் காய்ச்சல் வரும், அதோடு சரி. சர் சி.வி. ராமன் அரசு வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். கேட்டபோது வெட்கமாக இருந்தது. வேலையில் இருந்தபடி நீங்கள் எப்படி எழுதினீர்கள்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

முதலில் ராமன் கதையை முடித்துவிடுவோம். அவர் 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை வேலையில் சேர்ந்தவர், 1917-ல் பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். அந்த நாட்களில் அவருடைய ஒரு நாள் எப்படிப் போனது என்று அவர் மனைவி லோகசுந்தரி அம்மாள் சொல்லியிருக்கிறார். விடிகாலை ஐந்தரைக்கு ஆய்வுக்கூடம், பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வீடு, அவசரக் குளியல், அள்ளிப் போட்டுக்கொண்ட சாப்பாடு, தாமதமாகிவிடக் கூடாதென்று டாக்சியில் ஆபீஸ், மாலை ஐந்துக்கு நேரே மறுபடி ஆய்வுக்கூடம், வீடு திரும்ப இரவு ஒன்பதரை பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அங்கேதான். மேடையில் பேசுகிறவர்கள் அந்த ஐந்தரை மணியைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பத்து மணிச் சாப்பாடுதான் கண்ணில் படுகிறது. அந்தச் சோறு தானாக வேகவில்லை. நீங்கள் ராமனின் டைம்டேபிளையும் லோகசுந்தரி அம்மாளின் டைம்டேபிளையும் ஒரே ஆளாக ஓட்டப் பார்க்கிறீர்கள், அது பதினோராவது நாள் படுத்துவிடுகிறது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? என்னையே கேட்டால், நான் 26 வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்துகொண்டு எழுதினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், அத்தனை வருடமும் பிள்ளைகளின் ஹோம்வொர்க் நோட்டை நான் திறந்து பார்த்ததே இல்லை என்பதை யாரிடமும் சொல்வதில்லை. வீட்டில் இதைப் பேசுங்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் பையன் உங்கள் கணவரின் பொறுப்பு. எந்தச் செயலியும் இதைச் செய்து தராது.

அப்புறம், உங்கள் கடிதத்தில் எண்ணிப் பார்த்தேன், நான்கு ஆசைகள் இருக்கின்றன. நான்கையும் ஒரே வாரத்துக்குள் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் கிடைக்கும், அதில் பாதி போன வாரம் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போய்விடும். உங்களுக்குப் பிடித்த கல்வெட்டுத் துறையிலேயே ஒருவர் இருந்தாரே, ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தபடியே 1960-களில் மதுரைப் பக்கத்து மாங்குளம், கரூர்ப் பக்கத்துப் புகழூர் ஆகிய இடங்களின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்தார். பிறகு சிந்துவெளி எழுத்துக்குப் போனார், அந்த எழுத்துகளைத் தொகுத்த அவர் நூல் 1977-ல் வந்தது. தினமணி ஆசிரியராகவும் சில ஆண்டுகள். அதற்கப்புறம் தமிழ்ப் பிராமிக்குத் திரும்பி வந்து, குகை குகையாக மறுபடி ஏறி இறங்கி, பெரிய நூலை 2003-ல் கொடுத்தார். எழுபது வயது தாண்டிவிட்டது. நடுவில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றில் முழுசாக இறங்கினாரே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீங்களும் வட்டெழுத்து நோட்டு, கோயில் நோட்டு, கேமரா மூன்றையும் ஒரு வருடம் பரண்மேல் போடுங்கள். எங்கேயும் ஓடிப்போகாது. பறவை பறந்துபோகும்தான், வேறு பறவை வரும்.

மிச்சம் பிராமி. அதற்கு விடிகாலை நாலரை தேவையே இல்லை. எனக்கு நேரம் கிடைக்காமல் போனதைவிட, கிடைத்த நேரத்தில் தொடங்க முடியாமல் போனதுதான் அதிகம். அரை மணி நேரம் கையில் இருக்கும், பேனாவைத் தேடி, நோட்டைத் தேடி, கடைசியாக எழுதின நாலு பக்கத்தைப் படித்து முடிக்கும்போது குக்கர் விசில் அடித்துவிடும். (அல்லது கரண்ட் போய்விடும், உங்களிடம் போய் அதைச் சொல்லக் கூடாது.) வருடா வருடம் ஜனவரியில் புது டைரி வாங்கிக் கட்டம் போட்டேன், பிப்ரவரியில் அதில் பால் கணக்குதான் இருக்கும். கடைசியில் உதவியது ஒரு ஆணி. ஹாலில் ஆணி அடித்து ஒரு துணிப்பை மாட்டினேன். நோட்டு, பேனா, அப்போது படிக்கும் புத்தகம், அவ்வளவுதான் அதற்குள். எழுதி முடித்து எழும்போது அடுத்து என்ன செய்யவேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் ஒரே வரி எழுதி நோட்டுக்குள் செருகிவிடுவேன். "கிழவி வாசலில் நிற்கிறாள், பேச்சை ஆரம்பி" என்பது மாதிரி. மதியம் டிபன்பாக்ஸ் மூடின பிறகு இருபது நிமிடம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் இன்னொரு இருபது. என் முதல் நாவலில் பாதி இப்படி வந்தது.

உங்களுக்கு இது இன்னும் சுலபம். கல்வெட்டின் மசிப்படி (கல்லின் மேல் தாளை ஒற்றி, மை தடவி எடுக்கிற நகல்) படம் ஒன்றை அச்செடுத்துப் பையில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். கட்டம் போட்ட நோட்டில் எழுத்தை அப்படியே வரைந்து, கீழே இன்றைய எழுத்து. ழ, ள, ற, ன நான்கும் தமிழுக்கென்றே சேர்த்தவை, அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மாங்குளம் கல்வெட்டில் 'மா' மாதிரித் தெரிவதை 'ம' என்றும் படிக்க வேண்டிவரும், அந்த இடத்தில் எல்லோருக்கும் தலை சுற்றும், அன்றைக்கு வரி முடியாது, முடியாவிட்டால் சீட்டில் "மூன்றாவது எழுத்து, சந்தேகம்" என்று எழுதிவிட்டு மூடுங்கள். வாரம் நான்கு நாள், 25 நிமிடம் என்றால் வருடத்துக்கு 86 மணி நேரம் வருகிறது, கணக்குப் பிரிவில் இருப்பவர் சரிபார்த்துக்கொள்ளலாம். பையனுக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் பை ஆணியில் தொங்கட்டும். விட்டுப்போன நாட்களை ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் படித்துச் சரிக்கட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், நான் செய்து பார்த்து, திங்கட்கிழமை நோட்டைப் பார்த்தாலே எரிச்சல் வந்திருக்கிறது.

மாங்குளம் இன்னும் போகவில்லை என்றால் மார்கழி, தை மாதத்தில் போங்கள். வெயில் ஏறும் முன் மலைமேல் இருக்க வேண்டும், வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் வெட்டு நன்றாகத் தெரியும். எழுத்தின் மேல் சாக்பீஸ் தடவிப் பார்க்கிறவர்களைக் கண்டால் திட்டுங்கள். கணவரையும் பையனையும் கூட்டிப் போகலாம், நீங்கள் எழுத்தைப் பார்க்கும்போது அவனை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.